ஈஸ்ட் அண்ணாச்சியின் நோஞ்சான் ஜாடிகள்

அந்தமானில் கிளி வளர்த்தவர்கள் உண்டு, மான் வளர்த்தவர்கள் உண்டு. அடுத்தவன் வீட்டு அலமாரியில் ஈஸ்ட் வளர்த்த ஒரே மகானுபாவர் எங்கள் அண்ணாச்சிதான்!

போன வாரம் அண்ணன் மகள் தன் ஆராய்ச்சியைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தாள். ஈஸ்ட் செல்லுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் சுற்றுமாம். செல் பிழைக்கத் தேவையான ஜீனை அதில் வைத்துவிட்டால் செல் அந்த வளையத்தைக் கைவிடாதாம். "ஜீன் நல்லா வேலை செஞ்சா கொஞ்சம் காப்பி, அதாவது நகல், போதும் சித்தப்பா. அது நோஞ்சானா இருந்தா, நிறைய காப்பி வச்சிருக்கிற செல்தான் பிழைக்கும்" என்றாள். "அடியே, இதை நான் குட்வில் எஸ்டேட்டிலேயே பார்த்தாச்சு!" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அறுபதுகளில் அந்தமானின் அந்தக் குடியிருப்பில் இருந்த குமாஸ்தா நான். ஃபீனிக்ஸ் பே துறைமுகம் பக்கம் ரொட்டிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் அண்ணாச்சி. தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு ரொட்டி கொடுப்பதுதான் பிழைப்பு. ஒரு நாள் தவறினால் காண்ட்ராக்ட் போச்சு. காண்ட்ராக்ட் போனால் கடையும் போச்சு, மெயின்லேண்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அவருக்கென்று ஒரு ஜீவன் கிடையாது.

அவரிடம் இருந்ததோ மாவுக்கரைசலில் வளர்த்த சவலை ஈஸ்ட். "சீக்காளி வே இது. ஒரு ஜாடி நாலு ரொட்டியத்தான் தூக்கும். ஊர்ப்பட்ட ஜாடி வேணும்" என்பார். கடையில் அடுப்புச் சூடு ஆகாது என்று எங்கள் வீடுகளில் ஆளுக்கொரு ஜாடியைத் தலையில் கட்டினார். தினமும் மாவும் சர்க்கரையும் நாங்கள்தான் ஊட்ட வேண்டும். நாற்றமோ குடலைப் பிடுங்கும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் மூடியை இறுக்கினேன். ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் அது வெடித்து, தலை முதல் கால் வரை எனக்கு மாவு அபிஷேகம். பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, அவர்கள் பாஷையில் பௌதி, இந்த நாற்றத்தை எடுத்துக்கொண்டு போ என்று தினமும் கத்துவாள்: "அரே ரொட்டிவாலா, ஏ பத்பூ லே ஜாவ்!"

ஒரு நாள் மெயின்லேண்ட் கப்பலில் யாரோ அவருக்கு அசல் ஈஸ்ட் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கரண்டி போட்டால் மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து நடக்கும்! அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "இனி ஒரே ஜாடி போதும் வே! பழசையெல்லாம் தூரக் கொட்டிருங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா என்றோம்.

மழைக்காலம் வந்தது. புது ஈஸ்டுக்குக் குளிருமே என்று அதை அடுப்பு மேல் ஏற்றி வைத்திருக்கிறார் மனுஷன். ஒரேயடியாக வெந்துபோயிற்று! மறுநாள் கப்பலுக்கு ரொட்டி போயாக வேண்டும். என் வாசலில் வந்து குந்திவிட்டார்.

"அவிச்சுப்புட்டேன் வே. மெயின்லேண்டுல எனக்கு யாரு இருக்கா?"

உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய ஜாடியை எடுத்து வந்தேன். நுரைத்துக்கொண்டு ஜம்மென்று இருந்தது.

"கொட்டலையா வே?"

"நேரம் கிடைக்கலை அண்ணாச்சி."

பேச்சுக் கேட்டுப் பௌதி எட்டிப் பார்த்தாள். உள்ளே போனவள் தன் ஜாடியோடு வந்தாள். "பூக்கா தா பேச்சாரா" என்றாள். பாவம், பசியோடு இருந்ததாம்! எதிர்வீட்டுத் தெலுங்கு மேஸ்திரி ரெண்டு ஜாடி கொண்டுவந்தார். ஒன்று குட்டி போட்டதாம். திட்டித் தீர்த்த ஒரு வீட்டிலும் ஜாடி கொட்டப்படவில்லை.

மறுநாள் ரொட்டி கொஞ்சம் சப்பை, கொஞ்சம் புளிப்பு. ஆனால் சங்கு ஊதுவதற்குள் கப்பல் ஏறிவிட்டது.

அண்ணாச்சி நன்றி சொல்வார் என்று பார்த்தால், கப்பல் துறையிலிருந்து நேரே வந்து நடுத்தெருவில் நின்றுகொண்டு, "சொன்ன பேச்ச ஒருத்தராவது கேட்டீங்களாலே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்களைத் திட்டினார். அந்தத் திட்டை இன்னொரு தடவை வாங்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான்.