ஏழாம் நம்பர் காம்பராவில் ஒரு வெளியாள்

வேற்றுக்கிரகவாசிகள் பூமியில் வந்து இறங்கினால் அவர்களை முறைப்படி எதிர்கொள்ளத் தயாராக இருக்கும் நிர்வாகம் உலகத்திலேயே ஒன்றுதான். அது அமெரிக்காவில் இல்லை. இலங்கை மலைநாட்டில் திம்புள்ளைப் பக்கம், புளோரிமோர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருக்கிறது. வல்லரசுகள் தொலைநோக்கியை வைத்து வானத்தைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஒரு வேற்றுக்கிரகவாசியின் பேரில் ஃபைல் திறந்து, நம்பர் போட்டு, விசாரணைக்குத் திகதியும் குறித்துவிட்டார்கள். உலகம் இதை இன்னும் பாராட்டவில்லை. நாமாவது பாராட்டி வைப்போம்.

இந்தப் பெருமைக்கு வழி வெட்டியவள் மெரினா. தோட்டத்து முன்பள்ளி டீச்சர், வயது இருபத்திரண்டு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு, இரவல் கமெராவில் ஒரு 'திகில் நகைச்சுவை' எடுத்தாள். பெயர் ‘ஏழாம் நம்பர் காம்பராவில் ஏலியன்’. ஓடுவது நாற்பத்தெட்டு நிமிடம். பட்ஜெட்டைப் பார்த்தால் திகில், படத்தைப் பார்த்தால் நகைச்சுவை.

லயத்தில் ஒரு குடும்பத்துக்கென்று ஒதுக்கிய அறைதான் காம்பரா. ஏழாம் நம்பர், மெரினாவின் அம்மா மரியநாயகியின் பேரில் இருந்தது. அதுவே ஸ்டூடியோ. ஏலியனாக நடித்தவன் பக்கத்து லயத்து நிரோஷன். உடம்புக்கு உரப்பை, தலைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த ஹெல்மெட், கண்ணுக்கு இரண்டு தேயிலை வடி. வேற்றுக்கிரகத்து ஆளுக்கு இரண்டு கை போதாது என்று மரியநாயகியே இன்னும் இரண்டு கையைப் பையில் தைத்துக் கொடுத்தாள். ஏலியனை யாரும் ஆள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, படத்தின் தொடக்கத்தில் பெயர் ஓடும்போது மெரினா குறும்பாக ‘ஏலியன் — அவரே’ என்று போட்டிருந்தாள். அந்தக் குறும்பு பின்னால் அவளுக்கே வினையானது.

தியேட்டர் வம்பெல்லாம் இல்லாமல் படம் நேரே டீவிடியில் வெளியானது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கொமியூனிகேஷன் கடையில் எண்பது கொப்பி. கவரில் ‘உலகமெங்கும்’ என்று அச்சடித்திருந்தது. அதே மலைநாட்டு உடப்புசல்லாவை வரை போனது உண்மை.

அதில் ஒரு கொப்பி தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் றோலண்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பத்தொரு வருடச் சேவைக்காரர். படத்தைப் படமாகப் பார்ப்பது பொறுப்பில்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவருடைய கொள்கை. அவர் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தார். முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் கீறல் விழுந்து டீவிடி நின்றது. அவருடைய பேனா நிற்கவில்லை. மறுநாளே மரியநாயகிக்குக் கடிதம் வந்தது.

‘உமக்கு வழங்கப்பட்ட ஏழாம் இலக்கக் காம்பராவில், நிர்வாகத்தின் முன் அனுமதி இன்றி, வெளியாள் ஒருவரை மூன்று நாட்கள் தங்கவைத்துள்ளதாகத் தெரியவருகிறது. இது விசாரணையில் நிரூபிக்கப்படின், பதினான்கு நாட்களுக்குள் காம்பராவை ஒப்படைக்க வேண்டும்.’

மெரினா கடிதத்தை முதல் தரம் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் தரம் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். அம்மா பிறந்தது அந்தக் காம்பராவில். இவளைப் பெற்றதும் அதில்தான். ஆனால் சுவரும் தோட்டத்துடையது, சுவர் நிற்கிற மண்ணும் தோட்டத்துடையது. வெளியே போ என்று சொல்ல ஒரு கடுதாசி போதும்.

"அம்மா, படம் எடுக்கிறேன்னு ஒங்க வீட்டையே தொலைச்சிட்டேன்மா."

"தொலையிறதுக்கு அது என்னா ஊசியாடி? அந்தோனியார் இருக்காரு. வா, போயி என்னான்னு கேப்போம்."

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆபீசில் விசாரணை கூடியது. நிரோஷன் நல்லவன். ஹெல்மெட்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சாட்சி சொல்லத் தானாகவே வந்திருந்தான்.

"ஐயா, அந்த உரப்பைக்குள்ள இருந்தது நான்தாங்க" என்று ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியும் காட்டினான்.

றோலண்ட் அசையவில்லை. அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் பெயர் விழுகிற செக்ரோல் புத்தகத்தைத் திறந்தார்.

"படம் புடிச்சது என்னைக்கு?"

"மார்ச் பதினாலு, பதினஞ்சு, பதினாறுங்க."

"அந்த மூணு நாளும் நீ நாலாம் நம்பர் மலையில மண்ணு கிளறி முள்ளு குத்தியிருக்க. முழுநாள் வேலைன்னு விழுந்திருக்கே?"

நிரோஷனுக்கு ஹெல்மெட்டுக்குள் வேர்த்தது. காலையில் பெயரைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஓடும் கான் வழியாக நழுவி வந்து நடித்தவன் அவன். அதைச் சொன்னால் வேலை போய்விடும்.

"ஒரே நேரத்துல ஒருத்தன் ரெண்டு எடத்துல இருக்க ஏலுமா?"

"ஏலாதுங்க."

"அப்ப காம்பராவுல இருந்தது நீ இல்ல. செக்ரோல் பொய் சொல்லாது. படத்துலயே ‘அவரே’ன்னு எழுத்துல இருக்கு. போயி அங்கிட்டு ஒக்காரு."

மெரினாவுக்குப் பொறுமை போனது. "சேர், ஏலியன்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க!"

"இல்லாத ஆளுக்கு நான் எப்புடி டீச்சர் ஃபைல் தொறந்தேன்?"

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. 

அடுத்து, வந்தவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று ஆராயப்பட்டது. மாடு என்றால் மாட்டுக் கொட்டிலுக்கு அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஆள் என்றால் தோட்டத்தில் பதிந்தவரா, வெளியாளா? றோலண்ட் குறிப்பைப் புரட்டினார். சட்டென்று அவர் குரல் கனிந்தது.

"நாலு கையாமே, நாயகி?"

"ஆமாங்கய்யா."

"நாலு கையாலயும் கொழுந்து எடுப்பாரா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வரும்?"

பதிவதற்கென்று புதுத் தாள் ஒன்றை அவர் ஆசையோடு எடுத்து வைத்தார். மரியநாயகி உண்மையை மறைக்கத் தெரியாதவள்.

"ரெண்டு கை நான் தைச்சதுங்கய்யா. இழுத்தா தையல் பிரிஞ்சிரும்."

றோலண்ட் பெருமூச்சு விட்டுத் தாளை மேசைக்குள் வைத்தார். "அப்ப பதிவு குடுக்க ஏலாது. வெளியாள்தான். இப்ப எங்க அவரு?"

மெரினா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டாருங்க சேர்! படத்துல கடைசியில போறாரே, நீங்க பாக்கலீங்களா?"

"முப்பத்தொன்பதாவது நிமிசத்துல நின்னுருச்சு" என்றார் றோலண்ட். அதில் நிஜமான வருத்தம் இருந்தது.

எதிராளிக்குச் சாதகமான ஆதாரத்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது அந்த ஆபீசின் வழக்கம் அல்ல. நிரோஷன் டீவிடியைச் சட்டையில் துடைத்துக் கணினியில் போட்டான். சின்னக் கிளாக்கர்கள் எல்லாரும் ‘சாட்சிகளாக’ வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

திரையில் மழை. செயற்கை மழைக்கு வசதி இல்லாததால் திம்புள்ளை மழையே இலவசமாக நடித்திருந்தது. ஏலியன் காம்பராவின் மூலையில் குந்துகிறார். கூரைத் தகரம் ஒழுகி ஹெல்மெட்டில் சொட்டுகிறது. நகர்ந்து உட்காருகிறார். அங்கேயும் சொட்டுகிறது. சட்டியை வைக்கிறார், மூன்றாவது இடத்தில் சொட்டுகிறது. எழுந்திருக்கச் சுவரில் கையை ஊன்றுகிறார். கை சுவரைத் தாண்டிப் பக்கத்துக் காம்பராவுக்குள் போகிறது. அங்கே இருந்த பெண், டீ கேட்டு வந்த கை என்று நினைத்து, அதில் ஒரு பிளேன்டீயைக் கொடுக்கிறாள். இதில் எதுவும் ‘செட்’ அல்ல. ஏலியன் நடுங்கிக்கொண்டே வானத்தோடு பேசுகிறார்.

"தலைவரே, நாம பிந்திட்டோம்! நமக்கு முந்தியே யாரோ இங்க படையெடுத்து, இருந்ததையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. தயவுசெஞ்சு என்னையக் கூப்பிட்டுக்குங்க!"

பறக்கும் தட்டாகச் சட்டி மூடி ஒன்று நூலில் ஆடியபடி மேலே போகிறது. படம் முடிந்தது.

ஆபீசே குலுங்கிச் சிரித்தது. றோலண்டுக்கும் வந்தது. அவர் அதை லேஞ்சிக் கைக்குட்டைக்குள் இருமலாக மாற்றிக்கொண்டு, அறிக்கையைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு ஓடியது. ‘வெளியாள் தாமாகவே வெளியேறியுள்ளார். மேல் நடவடிக்கை இல்லை.’

மெரினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுகை முட்டியது, கூடவே சிரிப்பும்.

ஆனால் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. வெளியேறியமைக்கான காரணம்.

"ஏன் போனாரு?" என்றார் றோலண்ட்.

"நீங்களே பாத்தீங்களேய்யா" என்றாள் மரியநாயகி.

கண்ணால் கண்டதை எழுதுகிற மனிதர் அவர். எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீலும் குத்தினார். மெரினா உரக்க வாசித்தாள்: ‘காம்பரா குடியிருக்கத் தகுதியற்றது.’

"இன்னொரு தரம் வாசி" என்றாள் அம்மா. மெரினா வாசித்தாள்.

"ஐயா, தகரத்த மாத்தித் தாங்க, குடியிருக்க ஏலலைன்னு நாங்க பதினோரு வருசமா எழுதிக் குடுக்குறோம். ‘காம்பரா நல்ல நிலையில் உள்ளது’ன்னு பதினோரு தரமும் நீங்கதான் பதில் போட்டீங்க. இதுல எனக்கு ஒரு கொப்பி தாங்கய்யா. இதைக் காட்டிக் கேட்டுக்குறேன்."

 றோலண்ட் தாளை மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தோட்டத்து மேனேஜர் துரைக்கு டெலிபோன் போனது. கதவுக்கு வெளியே ஏழு தடவை "யெஸ் சேர்" மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. எழுதியதை அழிப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல, ஆகவே எதையும் அழிக்கவில்லை. நடுவே ஒரு சொல்லையும் கீழே ஒரு வரியையும் பேனாவால் சேர்த்திருந்தார், அவ்வளவுதான். கொப்பியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். மெரினா வாசித்தாள்:

‘காம்பரா வேற்றுக்கிரகவாசிகள் குடியிருக்கத் தகுதியற்றது. மரியநாயகிக்குப் போதுமானது.’