மூடிய கதவும் என் புதிய திருப்புளியும்

கீத்லி,
திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடித்தது.

அன்புள்ள மைத்துனர் கிளெமென்ட் அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகளில் சில நிற்கும், சில படுத்துக் கிடக்கும். மட்டக்கோல் வைத்துக் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். கோடு நேராகத்தான் இருக்கிறது, எழுத்துதான் அதன்மேல் உட்கார மாட்டேன் என்கிறது. பேனா விரலுக்கு ஒத்துவராததால் தச்சுப் பென்சிலை உளியால் சீவிக்கொண்டேன். எண் மட்டும் தெரிந்தே ஆயுளை ஓட்டியவன் நான். எழுத்து இந்த மார்ச் மாதம்தான் வந்தது. எழுபத்தாறு வயதில் எழுதும் முதல் கடிதம் இது. நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பாடம் சொல்லும் மிஸ் பெல்லமி, "முதல் கடிதத்தைச் சின்னதா எழுதுங்க மிஸ்டர் ஓல்ட்ராய்ட், நாலு வரி போதும்" என்றார். நாலு வரியில் அடங்கும் விஷயமாக இருந்தால் நான் ஏன் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள், முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் எழுபதாவது பிறந்தநாளுக்கு என் வாழ்த்து, ஒன்பது நாள் தாமதமாக. தொலைபேசியில் இரண்டு முறை வாழ்த்த முயன்றேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் தங்கை மியூரியல் அன்று வந்தவள் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நடந்ததை அவள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டால் நீங்களே வரும் சனிக்கிழமை அவளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று சனிக்கிழமை. உங்கள் வீட்டு விருந்து ஒரு மணிக்கு, ஸ்கிப்டன் பேருந்து பதினோரு மணிக்கு. கேக் செய்து டப்பாவில் அடைத்துக் கூடத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மியூரியல் ஒன்பது மணிக்குக் குளிக்கப் போனாள். ஒரு வாரமாக விடாத மழை. குளியலறைக் கதவு பைன் மரம், இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த வருடம் நானே செய்து மூன்று பித்தளைக் கீலில் மாட்டியது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு, ஆகவே கீல்களும் உள்ளேதான், மூடியிருந்தாலும் திருகுகள் தெரியும்படி கதவின் முகத்திலேயே பதித்தவை. ஒன்பதரைக்கு அவள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. நான் வெளியிலிருந்து தள்ளினேன், போகவில்லை.

"பெர்ஸி, கதவு அசைய மாட்டேங்குது."

"மழையில ஊதிப்போச்சு. ஓரத்துல ரெண்டு சீவு சீவினா சரியாயிடும். பத்து நிமிஷம்."

"பதினோரு மணிக்கு பஸ்."

"பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம்."

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் ஏணியில் நின்று கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அள்ளிக்கொண்டிருந்தான். குளியலறைச் சன்னல் வழியாக எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. இறங்கி நேரே எங்கள் மாடிக்கு வந்தான்.

"யோவ் பெர்ஸி, தோளைக் குடுத்து ஒரு இடி இடிச்சா தானா திறந்துக்கும்."

"நான் மாட்டின கதவை நீ இடிப்பியா? உன் வீட்டுக் கதவைப் போய் இடி. அது வெறும் அட்டைதானே."

அவன் கோபித்துக்கொண்டு ஏணிக்குத் திரும்பிவிட்டான். உதவி வந்தது, தகுந்த காரணத்தோடு மறுக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கொல்லைப் பட்டறைக்குப் போய் மரம் சீவும் இழைப்புளியை எடுத்துப் பார்த்தால் அலகு மழுங்கிக் கிடக்கிறது. கடைசியாக ஓக் மரத்தில் ஓட்டியது. கிளெமென்ட், நீங்கள் நாற்பது ஆண்டு இறைச்சிக் கடை நடத்தியவர். மழுங்கிய கத்தியோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்பீர்களா? மாட்டீர்கள். அலகைச் சாணைபிடிக்க வேண்டும் என்றால் அதைக் கழற்ற வேண்டும். அலகின் முதுகில் ஒரு மேல்தகடு உண்டு. இரண்டையும் ஒரே ஒரு திருகு பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் திருகின் தலை கோட்டுப் பொத்தான் அளவு அகலம், அதிலுள்ள வெட்டோ நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். கடையில் விற்கும் திருப்புளியின் நுனி குறுகல், போதாததற்கு ஆப்பு போலச் சரிவு. வெட்டுக்குள் இறங்காமல் விளிம்பில் உட்காரும், அழுத்தினால் வழுக்கும், முதலில் திருகின் தலையைச் சிதைக்கும், பிறகு உள்ளங்கைக்குள் போகும். என் இடது கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். தொழிற்கூடத்தில் இதற்கென்றே செய்த திருப்புளி ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றபோது அது அங்கேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று பதினோரு ஆண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் சரியான காரணம் வாய்த்தது.

ஒரு ஊசிகூட விலைக்கு வாங்கவில்லை, எல்லாம் கழித்துப் போட்ட சாமான். எஃகுக்கு, தேய்ந்து கட்டைவிரல் நீளமே மிஞ்சியிருந்த பழைய இழைப்புளி அலகு ஒன்றை எடுத்து அறுத்தேன். அரத்தால் தேய்ப்பேன், திருகின் வெட்டில் வைத்துப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். நுனி சரிவாக இருக்கக் கூடாது, இரண்டு முகமும் கோடு போட்டதுபோல் இணையாக இறங்க வேண்டும். உள்ளே போனால் ஆடக் கூடாது, பக்கத்தில் ஒரு தாள்கூட நுழையக் கூடாது. இதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. பிறகு ஊதுவிளக்கில் செர்ரிப் பழ நிறம் வரும்வரை காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். எண்ணெய் ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டுமே, சமையலறையில் கைக்கெட்டிய தகரத்தை எடுத்தேன். அப்படிக் கடினமாக்கிய எஃகு கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். அதன் திமிரை அடக்க மிதமான சூட்டில் வைக்க வேண்டும். அதற்காக அடுப்பின் பேக்கிங் அறையில் வைத்தேன். உளிக்கு வைக்கோல் நிறம் வந்தால் போதும். திருப்புளிக்கு அதையும் தாண்டிப் பழுப்பு வர வேண்டும். நான் கண்ணாடி வழியாக நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்கையில் மேலிருந்து மியூரியலின் குரல்.

"பெர்ஸி, என்ன வாடை அது?"

"எண்ணெய்."

"எதுல ஊத்தின?"

"தகரத்துல."

"எந்தத் தகரத்துல?"

நான் அடுப்புக் கண்ணாடிக்கு இன்னும் பக்கமாகக் குனிந்தேன். நிறம் மாறும் நேரத்தில் கண்ணை எடுக்கக் கூடாது.

"அடுப்புல என்ன வேகுது?"

"திருப்புளி."

"மணி ஒண்ணாகப் போகுது பெர்ஸி."

"இன்னும் நிறம் வரல."

அடுத்து பூண். பிடியின் வாயில் பூண் இல்லாவிட்டால் முதல் திருப்பிலேயே மரம் பிளந்துவிடும். பழைய குழாய் ஒன்றின் பித்தளை நட்டை அரத்தால் உருட்டிப் பூணாக்கினேன், தங்கம் தோற்றது. பிடிக்குத்தான் நல்ல மரம் கிடைக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் தந்த கால்மணை நினைவிருக்கிறதா, வால்நட் மரத்தில் கடைந்த கால்களோடு? அதில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அது ஆடவில்லை. மீதி மூன்று கால்களும் உறுதியாக இருக்கின்றன, சுவரோரம் சாய்த்து வைத்தால் யாருக்கும் தெரியாது. உங்கள் பரிசு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நல்ல வேலைக்கு வந்தது என்று நீங்கள் மகிழ்வீர்கள்.

பிடியில் வைத்த பசை உலர்வதற்குள் ஒரு தடவை மாடிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டும் வந்தேன். பார்த்தேன் என்றால் கதவைப் பார்த்தேன்.

"எதுக்கும் உதவாதுன்னு சொன்னியே, அந்தக் கடைத் திருப்புளி, அது எங்க?"

"என் சட்டைப் பையில."

"கதவுக்கு அடியில தள்ளு."

தள்ளினேன். தனியாக இருப்பவளுக்குக் கையில் ஏதாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

பட்டறைக்குத் திரும்பி, புதிய திருப்புளியைத் திருகின் வெட்டில் வைத்தேன். உறைக்குள் கத்தி போவதுபோல் இறங்கியது. இரண்டு விரலால் திருப்பினேன். டக் என்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான், பதினோரு ஆண்டுத் திருகு விட்டுக்கொடுத்துவிட்டது. கிளெமென்ட், நான் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி முடுக்கினேன், மறுபடி கழற்றினேன். கை பழகியிருக்கும்போதே முடித்துவிடுவோம் என்று அலமாரியில் இருந்த மற்ற நான்கு இழைப்புளிகளையும் திறந்து துடைத்து வைத்தேன். பிறகுதான் அலகைச் சாணைக்கல்லில் போட்டேன். முன்கை மயிரை மழித்துப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. இழைப்புளியைப் பூட்டிக்கொண்டு மாடியேறியபோது மணி நாலு.

கதவு நிலைச்சட்டத்தில் இல்லை. குளியல் தொட்டிமேல் சாய்ந்து நின்றது. மூன்று கீல், பன்னிரண்டு திருகு, அத்தனையும் சோப்புத் தட்டில் வரிசையாகக் கிடந்தன. உங்கள் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, ஒரு திருகின் தலைகூடச் சிதையவில்லை. என்னோடு முப்பது ஆண்டு வேலை செய்த சிலருக்கே அந்தக் கை வராது.

கீழே சமையலறை மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஐம்பத்தொரு ஆண்டு மண வாழ்க்கையில் யாரும் எனக்குச் சீட்டு எழுதி வைத்ததில்லை, எழுதிப் பயனுமில்லை. நான் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் கடைசிவரை படித்து முடித்தேன். சந்தோஷம் தாங்காமல் டெஸ்மண்டைக் கூப்பிட்டு அவனுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "பெர்ஸி, மூடியிருக்கும் கதவின் ஓரத்தை எந்த இழைப்புளியாலும் தொட முடியாது. நான் கிளெமென்ட் வீட்டுக்குப் போகிறேன். கேக்கை எடுத்துக்கொண்டேன்."

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினான். "நல்லாத்தான் படிக்கிறய்யா. அவங்க போயிட்டாங்கன்னு எழுதியிருக்கு."

அப்போதுதான் பொருள் விளங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தால் பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கதவைப் பற்றி அவள் எழுதியிருப்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். நிலையில் இறுகியிருக்கும் கதவுக்கு ஓரம் ஏது? ஐம்பது ஆண்டு கதவு மாட்டியவனுக்கு அது தோன்றவில்லை. முதலில் கூர்மை, பிறகு மற்றது என்று கை பழகிவிட்டது.

ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கதவை மறுநாளே இழைத்து மாட்டிவிட்டேன், இப்போது ஒரு விரலால் திறக்கலாம். கேக் சுடும் தகரத்தை மூன்று முறை கழுவினேன், வாடை அநேகமாகப் போய்விட்டது. திருப்புளியின் படத்தைப் பின்பக்கத்தில் அளவோடு வரைந்திருக்கிறேன். மியூரியலிடம் காட்டுங்கள். பார்த்தால் அவளே பெட்டியைக் கட்டுவாள்.

உங்கள் முழங்கால் மழைக்குப் பணியாமல் இருக்கட்டும், உங்கள் கத்திகள் துருவின்றி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உங்கள் மைத்துனன்,
பெர்ஸி ஓல்ட்ராய்ட்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: உறையை ஒட்டுமுன் நான் எழுதியதை நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். காலை முழுக்க ஆனது. திருப்புளிக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மியூரியலுக்குச் சில வரிகள்தான், அதிலும் பாதி தகரத்தைப் பற்றி. அதோடு ஒன்றை எழுதாமலே விட்டிருக்கிறேன். பன்னிரண்டு மணிவாக்கில் அவள் கூப்பிட்டாள். "பெர்ஸி, பஸ் போச்சு, போகட்டும். விருந்துக்கு லேட்டாப் போனா கிளெமென்ட் ஒண்ணும் சொல்ல மாட்டான். கூடத்துல பேப்பர் கிடக்கு, எடுத்துட்டு வந்து கதவுக்கு வெளியில உட்காரு. எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டு." நான், "பூண் வேலை பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மார்ச்சிலிருந்து நான் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், ஜாம் பாட்டில் சீட்டு, பேருந்து அறிவிப்பு, டெஸ்மண்டுக்கு வந்த தபால் எல்லாம். படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள், படத்தையும் காட்ட வேண்டாம். சனிக்கிழமை அவளைப் பேருந்தில் ஏற்றாதீர்கள். பதினோரு மணிப் பேருந்தில் நான் வருகிறேன். அந்தப் பழைய பேப்பர் இன்னும் இருக்கிறது. அவள் அறையை விட்டு வெளியே வராவிட்டாலும் பரவாயில்லை, வெளியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் அங்கிருந்தே படிக்கிறேன். உங்கள் கதவை நான் தொடமாட்டேன். வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன், உங்களுக்கல்ல, அவளுக்கு. அதில் திருப்புளி இரண்டு வரிக்கு மேல் வராது.