எனக்குக் கிடைத்த டி.என்.எஃப். பட்டம்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
10 டிசம்பர் 1996

பெருமதிப்புக்குரிய 'வடதுருவம்' வார இதழ் ஆசிரியர் கிறிஸ்துநாயகம் அங்கிள் அவர்களுக்கு,

தாங்களும் அன்ரியும் அச்சு இயந்திரமும் ஆண்டவர் அருளால் நலமாயிருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம். கடைகளுக்குப் பத்திரிகை கொண்டுபோய்ப் போடுவதற்காகத் தாங்கள் அப்பாவிடம் தந்த சைக்கிளும் நலம். அதாவது, அதன் பெரும்பாலான பாகங்கள் நலம்.

நிற்க. (சைக்கிள் நிற்காது. ஸ்ராண்ட் உடைந்துவிட்டது.)

சென்ற வெள்ளிக்கிழமை வந்த தங்கள் இதழின் மூன்றாம் பக்கத்தில், அரிசி விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில், 'பனிக்காலச் சைக்கிள் பந்தயத்தில் தமிழ் மாணவன் சாதனை! செல்வன் மாக்கஸ் பஸ்ரியன் டி.என்.எஃப். பட்டம் பெற்றார்!' என்ற செய்தியைக் கண்டேன். அதில் என் பெயர் சரி. பனிக்காலம் என்பதும் சரி. மிச்சமெல்லாம் பிழை. வருகிற சனிக்கிழமை கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்றும், பட்டம் பெற்ற அனுபவத்தைப் பற்றி நான் உரையாற்றுவேன் என்றும் வேறு போட்டிருக்கிறீர்கள். ஆகவே வெள்ளிக்கிழமை இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டு என்னைக் காப்பாற்றும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்களுக்கு மேல்வீட்டு வேரோனிக்கா அன்ரியின் இளைய மகன் சீமோன் என்னோடு படிக்கிறான். பள்ளிக்கூடச் சுவரில் சைக்ளோகுறொஸ் பந்தய விளம்பரத்தைக் கண்டு, "உன்ர பேப்பர் சைக்கிளில உந்தப் பந்தயம் ஓடிக் காட்டு பாப்பம்" என்றான். சைக்ளோகுறொஸ் என்றால் சேற்றிலும் பனியிலும் ஓடுகிற பந்தயம். ஓடக்கூடிய இடத்தில் சைக்கிள் எங்களைச் சுமக்கும், ஓடமுடியாத இடத்தில் நாங்கள் சைக்கிளைச் சுமக்கவேண்டும். நியாயமான விளையாட்டு. ஆனால் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் பிறகு அப்பா என்னை எங்கும் விடமாட்டார் என்பது தாங்கள் அறிந்ததே. நான் அப்பாவிடம் பொய் சொல்லவில்லை அங்கிள். "அப்பா, ஞாயிறு பின்னேரம் சைக்கிள் குறொஸ் இருக்கு, போகட்டோ?" என்றுதான் கேட்டேன். "குறொஸோ? எந்தப் பங்குச் சுவாமி நடத்துறார்?" என்றார். "சுவாமி ஆரெண்டு தெரியாது. ஏத்தம் இறக்கம் இருக்காம், பாரம் தூக்கிக்கொண்டு நடக்கவேணுமாம், கன பேர் விழுவினமாம்" என்றேன். அத்தனையும் விளம்பரத்தில் உள்ளது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தவக்காலத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு, அதுக்குள்ள சிலுவைப் பாதையோ?" என்றார். "கனடாவில எல்லாம் முந்தியே தொடங்கீடும் அப்பா. கிறிஸ்மஸ் லைற்றைப் பாருங்கோ, எப்ப போட்டவங்கள்?" என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். வேரோனிக்கா அன்ரிக்கும் சொன்னார். அன்ரி செபமாலையும், ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியும், சீமோனும் கொண்டு வந்தா.

பந்தயம் நடந்த டொன் பள்ளத்தாக்கில் இருந்த மற்றச் சைக்கிள்களைத் தாங்கள் பார்த்திருக்கவேண்டும். குடையைத் தூக்குவதுபோல ஒரு விரலில் தூக்கினார்கள். எங்கள் சைக்கிளில் முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர், சேறு தடுக்க இரண்டு மட்காட், சங்கிலிக்கு மூடி, மாட்டைக் கட்டினாலும் அசையாத இரட்டைக் கால் ஸ்ராண்ட், நடுவில் 'வடதுருவம்: தமிழர் இல்லந்தோறும்' என்று தாங்கள் தகரத்தில் எழுதிப் பூட்டிய பலகை. பதிவு மேசையில் இருந்த தாடிக்காரர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தார். "துணிச்சலான சைக்கிள்" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விசில் ஊதியதும் எல்லோரும் போனார்கள். நானும் போனேன், ஆனால் வேறு வேறு நேரத்தில். முதல் ஏற்றத்தில் விழுந்தேன். குறுக்கே போட்டிருந்த மரப்பலகையைத் தாண்டும்போது தங்கள் தகரப் பலகை அந்தப் பலகையைக் கண்டு பாசத்தோடு கட்டிப்பிடித்ததில் இரண்டாம் தரம் விழுந்தேன். அங்கே ஒரு வழக்கம், பார்க்க வந்தவர்கள் மாட்டு மணியைக் கிலுக்கி உற்சாகப்படுத்துவார்கள். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கிற மணி என்று நினைத்து அப்பா பனியில் முழங்காலில் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் மகனுக்காக ஒரு தகப்பன் இப்படி உருகுகிறாரே என்று இன்னும் பலமாகக் கிலுக்கினார்கள். அவர்கள் கிலுக்குவதை நிறுத்தவில்லை, அப்பாவும் எழும்பவில்லை.

மூன்றாம் தரம் விழுந்தது குப்புற, சேற்றில். கண் தெரியவில்லை. "ஐயோ, பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோவன்!" என்று ஒரு சத்தம். வேரோனிக்கா அன்ரி கயிற்றுக்குக் கீழால் புகுந்து ஓடிவந்து தன் வெள்ளை மப்ளரால் என் முகத்தைத் துடைத்தா. விரித்துப் பார்த்தால் மூக்கு, வாய், புருவம் எல்லாம் அப்படியே பதிந்திருந்தது. அன்ரி சிலுவை போட்டுக்கொண்டா. அதற்குள் மட்காட்டுக்குள் சேறும் பனியும் இறுகி இரண்டு சில்லும் சுற்றமாட்டோம் என்று நின்றுவிட்டன. "என்னடா பாக்கிறாய், போய்ப் பிடியன்" என்று அன்ரி தள்ளிவிட, சீமோன் வந்து கரியர்ப் பக்கத்தைத் தூக்கினான். மூன்று தரம் விழுந்தாயிற்று, வேரோனிக்கா முகம் துடைத்தாயிற்று, சீமோன் சுமக்க வந்தாயிற்று, எல்லாம் சிலுவைப் பாதையில் யேசுவுக்கு நடந்ததுபோலவே. "மச்சான், இதோட நிப்பாட்டுவம். அடுத்தது என்ன வருமெண்டு உனக்குத் தெரியும்தானே?" என்றான். தெரிந்ததால் வேகமாக நடந்தோம். பெருநாளுக்கு மாதா சுருவம் தூக்குவதுபோல முன்னுக்கு நான், பின்னுக்கு அவன், பக்கத்தில் அப்பா செபம் சொல்லிக்கொண்டு, கடைசியில் அன்ரி பிளாஸ்க்கோடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டுப் பதாகையைச் சுருட்டி வான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவையே கொண்டுபோனபின் நான் எங்கே முடிப்பது?

பிறகு முடிவுகளை ஒரு தாளில் ஒட்டினார்கள். எல்லோருடைய பெயருக்கும் நேரே ஒரு எண். என் பெயருக்கு நேரே மட்டும் டி.என்.எஃப். "டிட் நொட் ஃபினிஷ்" என்பதன் சுருக்கம் அது. முடிக்கவில்லை என்று பொருள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உதென்ன உனக்கு மட்டும் மூண்டு எழுத்து?" என்றார். எனக்கு நாக்கு விறைத்துப்போயிருந்தது. விறைத்த நாக்கு எதையும் சொல்லும். "எல்லாருக்கும் குடுக்கமாட்டாங்கள் அப்பா" என்றேன். அதுவும் உண்மை. வேரோனிக்கா அன்ரி தாளைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "மூண்டோ! என்ர மூத்தவனுக்கே பி.ஏ. எண்டு ரெண்டுதான்" என்றா.

அங்கிள், அன்ரியைத் தங்களுக்குத் தெரியும். நாலு வருசமாக ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் வைத்து மூத்தவனின் சோதனை முடிவை வாசிப்பா. அப்பா, "அப்பிடியோ, நல்லது" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். அவருக்குத் திருப்பிச் சொல்ல என்னைப் பற்றி ஒன்றும் இருந்ததில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சைக்கிளைத் தடவிக்கொண்டே வந்தார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா தங்களிடம் செய்தி கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை தங்கள் பத்திரிகை வந்துவிட்டது.

இப்போது லிப்டுக்குள் எங்கள் கட்டடத்து ஜெயரட்ணம் மாஸ்ரர் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார். "டி.என்.எஃப். எத்தினை வருசப் படிப்பு தம்பி?" என்று கேட்டார். "அது முடிக்கிற படிப்பில்லை மாஸ்ரர்" என்றேன். "ஓமோம், படிப்புக்கு எங்கால முடிவு" என்று கண் கலங்கினார். வேரோனிக்கா அன்ரி சீமோனையும் டி.என்.எஃப். ஆக்கவேண்டுமாம், என்னிடம் ரியூசனுக்கு விடட்டோ என்று கேட்கிறா. அவனுக்கு அதற்கான முழுத் தகுதியும் உண்டு என்று சொல்லி அனுப்பினேன்.

சிரிப்பு இவ்வளவுதான் அங்கிள். ஒளிவிழாவுக்கு என் வகுப்புப் பெடியளும் வருவார்கள். அவர்களுக்கு இங்கிலிஷ் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை, எனக்கு அது பழக்கம். ஆனால் முதல் வரிசையில் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு அப்பா இருப்பார், எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரிப்பார். அதை மேடையில் நின்று பார்க்க என்னால் ஏலாது. திருத்தத்தில் என்னை என்னவும் எழுதுங்கள், பொய்யன் என்றும் போடலாம். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் மறக்காமல் போடுங்கள்.

தங்களுக்கும் அன்ரிக்கும் பாலன் பிறப்பின் சகல ஆசீர்களும், மட்காட்டைக் கழற்ற ஒரு சாவியும் கிடைப்பதாக.

இங்ஙனம்,
கீழ்ப்படிவுள்ள,
மாக்கஸ் பஸ்ரியன் (வெறும்)

பி.கு.: மேலே உள்ள எதையும் பிரசுரிக்கவேண்டாம். முத்திரை தேடப் போன இடைவெளியில் அப்பா கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டார். "எழுத்துப் பிழை ரெண்டு கிடக்கு" என்றார். பிறகு, "அண்டைக்கே அந்தத் தாடிக்காரனிட்டக் கேட்டிட்டன். டிட் நொட் ஃபினிஷ்" என்றார். "அப்ப ஏன் பேப்பருக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "நீ ஏன் எனக்குச் சிலுவைப் பாதை எண்டனீ? கிறிஸ்துநாயகமும் நானும் சிரிச்சுச் சிரிச்சு எழுதினனாங்கள்" என்றார். அங்கிள், தாங்களுமா? மணிக்கு முழங்காலில் நின்றதும் நடிப்போ என்று கேட்டேன். "அது மட்டும் உண்மை" என்றார்.

இப்போதுதான் தாடிக்காரர் போன் பண்ணினார். சீமோன் தூக்க உதவியது விதிமீறலாம். அதனால் டி.என்.எஃப்.ஐ எடுத்துவிட்டு டி.எஸ்.கியூ. என்று மாற்றியிருக்கிறார்களாம். தகுதி நீக்கம். அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கியூவும் இருக்கோ? வேரோனிக்காவுக்கு இப்ப சொல்லாத. சனிக்கிழமை மேடையில சொல்லுவம்."