பதில் சொல்லாத இடது கால்

‘உணர்வு குறைந்த காலைக் கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது.’

இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் நசீமா எனக்குச் சொன்ன விதி இது. துணை விதி கிடையாது, விலக்கு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. நான் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விதியைக் கண்டாலும் அது எல்லாருக்கும் பொருந்தும், நமக்கு மட்டும் பொருந்தாது என்று நினைக்கும் பழக்கம் அந்த நாற்காலியோடு வந்தது. நாற்காலி போய்விட்டது. பழக்கம் இருந்தது. அதனால் என் ஒரே மகள் கவிதாவின் கல்யாணம் கொஞ்ச காலம் ஓர் ஒற்றைச் செருப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புது மூட்டு முதல்தரம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பல வருடம் வளைந்தே கிடந்த காலை நிமிர்த்தி வைத்ததில், முழங்காலுக்கு வெளிப்புறமாக ஓடும் நரம்பு ஒன்று இழுபட்டுக் கோபித்துக்கொண்டுவிட்டது. பாதத்தின் மேல்பகுதி முழுக்க மரத்துப்போனது. கிள்ளினால் தெரியாது. ஈ உட்கார்ந்தால் தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து மட்டும் திடீர் திடீரென்று மின்சாரம் பாயும், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். அதாவது நாம் அனுப்பும் எதற்கும் பதில் வராது. அங்கிருந்து புகார் மட்டும் தவறாமல் வரும். (இப்படி ஒரு கிளை அலுவலகத்தை நான் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஊரைச் சொல்லமாட்டேன்.)

டாக்டரிடம் கேட்டேன். “நரம்பு அறுந்து போகலைங்க சார். இழுபட்டிருக்கு. மெதுவா வளரும். மாத்திரை எரிச்சலைக் குறைக்கும். மத்தபடி பொறுமையா இருக்கணும்.”

“எப்போ வரும்னு ஒரு தேதி...”

“அது நரம்புக்குத்தான் சார் தெரியும்.”

என்னிடம் மனு கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்ற அத்தனை பேரின் முகமும் அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதை டாக்டர் என்னைவிட மரியாதையாகச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நசீமா தருமபுரிப் பெண். அவள் அப்பா கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். துணிக்கடைக்காரர் மகள் என்பதாலோ என்னவோ, என் காலுக்கு அவள் எழுதிக்கொடுத்த வைத்தியமும் துணிதான். பஞ்சு, பட்டு, துண்டு, சாக்கு என்று ஒவ்வொன்றாகப் பாதத்தில் தேய்க்க வேண்டுமாம். நரம்புக்குத் தொடுதலை மறுபடி பழக்க வேண்டுமாம். அந்தப் பொறுப்பை என் மனைவி சரோஜா ஏற்றுக்கொண்டாள். காலையில் காபிக்கு முன், மாலையில் விளக்கு வைத்த பின், ஒரு நாள் தவறியதில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தேய்ப்பாள்.

“இது என்ன துணி, சொல்லுங்க பாக்கலாம்.”

“பட்டு.”

“நான் இன்னும் தேய்க்கவே ஆரம்பிக்கலைங்க.”

இப்படி. ஆனாலும் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. ‘நாளைக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டுச் சாக்கை மடித்து வைப்பாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் அவ்வளவு உறுதியாக ஒரு ‘நாளை’ கொடுத்ததில்லை.

சாதாரணச் செருப்பு போட்டால் இடது காலிலிருந்து கழன்று விழுந்தாலும் எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அப்படி ஒன்றை விட்டுவிட்டு வீடுவரை வந்துவிட்டேன். அதனால் நசீமா, குதிகாலில் பட்டை வைத்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் இறுக்கும் செருப்பு வாங்கச் சொன்னாள். போடுவதும் கழற்றுவதும் சரோஜா. முழங்கால் அவ்வளவு மடங்காது என்பதால் என்னால் குனிய முடியாது.

இனி ஆனி மாதக் கடைசி. நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீட்டார் ஏரியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பையனின் அப்பா முனுசாமி அதிகம் பேசாதவர். நான் பத்து வாக்கியம் சொன்னால் அவர் “ஆமாங்க” என்பார். தட்டு மாற்றிக்கொள்வது, கல்யாணத் தேதியை மட்டும் அவர்கள் குலதெய்வத்திடம் பூப்போட்டுக் கேட்டுச் சொல்வது என்று ஏற்பாடு. சாமி உத்தரவு கொடுத்தால்தான் தேதி. ஒரு மேலதிகாரியின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது எனக்குப் புதிதில்லை என்று நானும் சம்மதித்தேன்.

தருமபுரியில் ஒரு சின்ன மண்டபம். வாசலில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். வரவேற்கத்தான். ஆனால் வேலை தானாகக் கூடிவிட்டது. “செருப்பை இந்தப் பக்கம் விடுங்க. ஏங்க, குழந்தையோட செருப்பும்தான். மேடைக்குப் பக்கத்துல யாரும் செருப்போட போகக் கூடாது.” மாப்பிள்ளையின் பெரியப்பாவையே திருப்பி அனுப்பிக் கழற்ற வைத்தேன். அவர் முறைத்தார். நான் விதியைச் சொன்னேன்.

“பொண்ணோட அப்பா மேடைக்கு வாங்க” என்று குரல் வந்தது. எழுந்தேன். சரோஜா உள்ளே தாம்பூலப் பைகளோடு நின்றாள். கூப்பிட்டுக் குனியச் சொல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வலது காலை உதறினேன், பட்டையை இறுக்காமலே போட்டிருந்த செருப்பு கழன்றது. இடது காலையும் உதறினேன். கழன்றது என்று எடுத்துக்கொண்டேன். (உத்தரவு போட்டாயிற்று, நிறைவேறியிருக்கும் என்று நினைத்துக் கோப்பை மூடுவது எங்கள் துறை வழக்கம்.) பட்டு வேட்டி தரை வரை தொங்கியது. குனிந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. நானோ குனியவும் இல்லை, பார்க்கவும் இல்லை. என் கண் மற்றவர்கள் காலில் இருந்தது.

மேடையேறி, முனுசாமிக்கு எதிரே, தேங்காய் பழத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வேட்டி மேலேறியது.

சரோஜா பார்த்துவிட்டாள்.

அடுத்து நடந்ததை நான் இன்றைக்கும் வியந்துதான் சொல்கிறேன். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்றுத்தர முடியாத விஷயம். அவள் கத்தவில்லை, ஓடிவரவில்லை, என்னைப் பார்த்துக் கண்ணைக்கூட உருட்டவில்லை. கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள்.

“தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அப்பா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்க கண்ணு.”

அப்படி ஒரு சடங்கு எங்கள் பக்கம் கிடையாது. கவிதா விழுந்தாள். கூடவே சரோஜாவும் விழுந்தாள். ‘என்ன பதிபக்தி’ என்று கூட்டத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. காலடியில் ‘சர்ர்ர்’ என்று ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம் கேட்டது. சரோஜா பலமாக இருமினாள். எழுந்தபோது அவள் முந்தானை கொஞ்சம் கனத்திருந்தது. எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. கால்தான் சொல்லவில்லையே.

தட்டு மாற்றினோம். எல்லாம் சுபம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சரோஜா சொன்னாள். நான் வெட்கப்பட்டு முடிப்பதற்குள் அவளே வெளிறிப்போனாள்.

“ஏங்க, செருப்பை ஒரு மஞ்சப்பையில சொருகி, தாம்பூலப் பைங்களுக்குப் பின்னாடி வெச்சேன். இப்போ அந்தப் பை இல்லைங்க.”

விசாரித்தோம். பைகளை எடுத்துக் கொடுத்தது அவள் தங்கை மகள். “பெரிய பையா ஒண்ணு தனியா, அடியில ஏதோ கனமா இருந்துச்சு பெரியம்மா. அதான் மாப்பிள்ளையோட அப்பாவுக்குன்னு நெனச்சு, தேங்காய் வெத்தலை எல்லாம் போட்டு அவர் கையிலயே குடுத்துட்டேன்.”

தாம்பூலத்தோடு சம்பந்திக்கு ஒற்றைச் செருப்பு. அதுவும் நான் மேடையில் போட்டிருந்தது. கவிதா போனை எடுத்துப் பார்த்தாள். திருப்பி வைத்தாள். அவள் அந்தப் பையனைத் தானே பார்த்துப் பேசிப் பிடித்துப்போய்ச் சரி என்று சொன்னவள். என் காலைவிட அந்த முகம்தான் எனக்கு வலித்தது.

சம்பந்தியிடமிருந்து செருப்பைத் திரும்பப் பெறுவதற்கு நானறிந்த நடைமுறை எதுவும் இல்லை. போன் செய்து ‘வந்து சேர்ந்ததா?’ என்று கேட்பதா? கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காவிட்டால் வேண்டுமென்றே செய்ததாகிவிடும். அங்கிருந்தும் சத்தமில்லை. தேதியும் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். கவிதா கேட்டதற்குப் பையன், “அப்பா எதுவும் சொல்லலை, செருப்பு ஒண்ணை மட்டும் போட்டுட்டுத் தோட்டத்துல நடக்கறாரு” என்றானாம். ஆத்திரத்தில் மனிதர் ஏதோ ஆகிவிட்டார் என்று முடிவு செய்தேன். சரோஜா அப்போதும் காலையும் மாலையும் சாக்கை எடுத்துத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆடிப் பெருக்கு அன்று ஒகேனக்கலுக்குப் போகிற கூட்டம் சாலை முழுக்க இருந்தபோது, எதிர்த்திசையில் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி முனுசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக. கையில் அதே மஞ்சப்பை.

காபி குடித்தார். மழையைப் பற்றி “ஆமாங்க” சொன்னார். பிறகு பையை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒத்தைச் செருப்பு குடுத்தீங்களே. மத்தது எங்கிங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜாவைப் பார்த்து அவரே சொன்னார்.

“நீங்க குனிஞ்சு எடுத்ததை நான் எதிர்லதானுங்க உக்காந்து பாத்தேன். எனக்கும் மூட்டு வலிதானுங்க, புரியாதா? வூட்டுக்குப் போய்ப் பையைப் பிரிச்சா அண்ணன் குதிக்கறாரு. ‘வாசல்ல என்னைக் கழட்டச் சொன்ன ஆளு, செருப்பையா அனுப்பறான்’னு. நான்தான், மூட்டு வலிக்கு நல்ல செருப்புன்னு அளவு பாக்க அனுப்பியிருக்காருன்னு சொல்லிட்டேனுங்க. சொன்னதுக்காகப் போட்டுக்கிட்டு நடக்க வேண்டியதாப் போச்சு. இப்போ எங்கூட்டுக்காரி தினம் கேக்கறா, மத்தது எப்போ வரும்னு. பொய் சொன்னவனுக்கு ஜோடி வேணுமில்லீங்களா?”

அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. கோப்பு எதுவும் இல்லாமல், குறிப்பு எதுவும் எழுதாமல், இரண்டு குடும்பத்தின் மானத்தையும் ஒரு காலில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடந்திருக்கிறார் மனிதர். கும்பிடத் தோன்றியது.

“தேதி...” என்றேன்.

“ஆவணியில ரெண்டாவது முகூர்த்தத்துக்குச் சாமி பூக் குடுத்துருச்சுங்க. நல்ல நாள் பாத்துச் சொல்லலாம்னு இன்னிக்கு வந்தேன்.” கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கவிதா.

அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். ஜோடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொடுப்பதற்கு முன் பட்டை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று இடது செருப்பை நுழைக்கச் சொன்னேன். சரோஜா குனிந்து மாட்டினாள். ஏரியூர் மண் காய்ந்து பட்டை விறைத்திருந்தது. இறுக்கினாள்.

“ஸ்ஸ்... கடிக்குது.”

“என்னது?”

“செருப்பு. மேல, பட்டை பக்கம். கடிக்குதுடி.”

சரோஜா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நான் அலறினேன். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, செருப்போடு என் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் அழுதாள். முனுசாமி ஒன்றும் புரியாமல், “சரிங்க, நான் வேற அளவு பாத்துக்கறேன்” என்றார்.

கல்யாணத்தில் அவர் அந்த ஜோடியைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். அதை வாசலில் கழற்ற வைத்து, கையோடு எடுத்துப் பத்திரப்படுத்தியவர் அவருடைய அண்ணன். எங்கள் வீட்டில் இன்றும் யாருக்காவது எங்கிருந்தாவது பதில் வராமல் இருந்தால், மாப்பிள்ளைதான் முதலில் கேட்பார்: “மாமா, இன்னும் செருப்பு கடிக்கலீங்களா?” கால் இப்போதும் அவ்வப்போது எரிகிறது. சுண்டுவிரல் பக்கம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகம் இயங்குகிறது.

பதில் வந்து சேர்ந்த நாள்: ஆடி பதினெட்டு.