வாஷ்பேசினின் ஐந்து அடுக்குகள்

நாகரிகங்கள் யாவும் ஒன்றின் மேல் ஒன்றாகவே எழுந்தன. எங்கள் வாஷ்பேசினும் அப்படியே. சுவருக்கும் பேசினுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் தண்ணீர் இறங்காதிருக்க வருடத்துக்கு ஒருமுறை சிலிக்கான் பசை பூசுவேன். பழையதை எடுப்பதில்லை. இருபத்திரண்டு வருட ஆபீஸ் உத்தியோகம் தந்த ஞானம் அது: பழைய தவறைக் கிளறாதே, மேலே புது உத்தரவு போடு.

“பழசைச் சுரண்டிட்டுப் பூசுங்க. ட்யூப்லயே எழுதியிருக்கே,” என்பாள் மனைவி.

“எழுதினவன் அனுபவஸ்தனா?”

பூசியதும் கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. கலைஞன் பார்த்துக்கொண்டா இழுப்பான்?

மூன்று வருடத்துக்கு முன் நான் ‘விசாரணை ஆணையம்’ ஆகவும் பணியாற்ற நேர்ந்தது. பேசின் விளிம்பில் மனைவி கழற்றி வைத்த மோதிரம் காணோம். நானோ அந்த நேரம் மூன்றாம் அடுக்கு பூசுவதில் மும்முரமாக இருந்தேன், ஆகவே குற்றமற்றவன். மிச்சம் இருந்தது விருந்துக்கு வந்திருந்த மச்சினி.

“என் தங்கச்சி எடுக்க மாட்டா,” என்றாள் மனைவி.

“ஆணையம் உணர்ச்சிவசப்படாது,” என்றேன்.

மச்சினி அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கினாள். அப்புறம் ஒரு போன்கூட இல்லை. மனைவி பல நாள் போனை எடுப்பாள், பெருமூச்சோடு வைத்துவிடுவாள். நீதி என்றால் நாலு பேருக்கு வலிக்கத்தான் செய்யும் என்று ஆறுதல் சொன்னேன்.

போன ஞாயிறு கீழ்வீட்டு வக்கீல் குடை பிடித்தபடி மாடியேறி வந்தார். வெளியே நல்ல வெயில்.

“சார், எங்க பாத்ரூம்ல மூணு நாளா மழை.”

“வானிலை என் துறை இல்லையே?”

“மேகம் உங்க வாஷ்பேசின்.”

உடனே ‘கசிவு ஆலோசனைக் கூட்டம்’ கூட்டினேன். ஆறாவது அடுக்கு பூசுவதென நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து, நானே கைதட்டினேன். திரும்பினால், மனைவி ஹேர் டிரையரும் பிளேடுமாகப் பேசின் முன்னால் நிற்கிறாள்.

“ஐயோ, அது வரலாறு!”

“இருக்கட்டும். சூடு காட்டினா வரலாறும் இளகும்.”

இளகியது. ஐந்தாவது அடுக்கு வாழைப்பட்டை மாதிரி உரிந்தது. நான்காவதும் முரண்டு பிடிக்காமல் வந்தது. வக்கீல் குடையை மடக்கிவிட்டு ரசித்தார். மூன்றாவதில் பிளேடு ‘டிக்’ என்றது.

இழுத்தாள். நாடாவாக வந்த சிலிக்கானின் வயிற்றுக்குள் மோதிரம். முதுகில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, அழியாமல். நான் வக்கீல் பக்கம் திரும்பினேன்.

“வக்கீல் சார், இதுக்கு அப்பீல் உண்டா?”

அவர் என் விரலைப் பார்த்தார், ரேகையைப் பார்த்தார், மறுபடியும் குடையை விரித்துக்கொண்டார்.

மனைவி சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். ஈரக்கையோடு போனை எடுத்தாள். இந்த முறை கீழே வைக்கவில்லை.

“தங்கச்சி, திருடன் அகப்பட்டுட்டான்டி. எங்கயும் ஓடல, இங்கயேதான் மூணு வருஷமா ஜட்ஜா உட்கார்ந்திருக்கான். கைநாட்டே வச்சுக் கொடுத்திருக்கான்!”