நீல டப்பா

அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். காப்பி போட்டுக் குடித்தான். சட்டை மாட்டினான். மனைவியின் மேசையில் இருந்த, பெயர்த்தாள் உரிந்துபோன நீல டப்பாவைத் திறந்து இரண்டு கைகளிலும் க்ரீம் தடவிக்கொண்டான். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினான்.

அவள் போனதிலிருந்து இது ஒரு நாளும் தவறியதில்லை. அவள் உயிர் பிரிந்த நேரத்தில் அவன் மருந்து வாங்க ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தான். பக்கத்தில் இருந்தவள் அவள் தங்கை மட்டும். "உங்க கையைப் பாத்துக்கச் சொன்னா அத்தான், அதான் கடைசி" என்று அழுதுகொண்டே சொன்னாள். ரசாயனத்தில் புழங்கி அவன் கை எப்போதும் வெடித்துக் கிடக்கும்.

காகித ஆலை ஆய்வகத்தில் மேனேஜர் வாசலிலேயே நின்றார்.

"என்னய்யா, நீ லீவு முடிஞ்சு வந்ததிலேருந்து கூழ்ல கொழுப்பு அமிலம் ஏறிக்கிட்டே இருக்கு?"

மரத்தில் இயல்பாகவே கொழுப்பு உண்டு. அது கூழில் தங்கினால் காகிதத்தில் பிசுக்குப் புள்ளி விழும்.

"மறுபடி பாக்கறேன் சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள இறங்கலன்னா மொத்தத் தொட்டியையும் கொட்டணும். அப்புறம் உன் வேலையை நான் காப்பாத்த முடியாது."

குடுவைகளையெல்லாம் அசிட்டோனில் அலசினான். கை காய்ந்து எரிந்தது. க்ரீம் தடவிக்கொண்டான். கூழைப் பிய்த்து வடிதாள் உறையில் திணித்து, அசிட்டோனைக் காய்ச்சிக் கொழுப்பைப் பிரித்தான். பகுப்புக் கருவி வரைந்த கோட்டில் ஸ்டியரிக் என்ற கொழுப்பு அமிலத்தின் முகடு இன்னும் உயர்ந்திருந்தது.

"ஏறியிருக்கு சார்."

"நான் இறக்கச் சொன்னேன்! கையுறை போட்டுச் செய்யி."

கையுறைக்குள் வியர்த்தால் வெடிப்பு எரியும். அதனால் முதலில் தாராளமாகத் தடவிக்கொண்டு, அதே கையால் கையுறையை இழுத்து மாட்டினான். மறுநாள் முகடு தாளின் மேல் விளிம்பைத் தொட்டது.

மேனேஜர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இது கூழா, வெண்ணெயா?"

வியாழக்கிழமை. கூழே வைக்காமல், வெறும் வடிதாள் உறையை மட்டும் சோதித்தான். அதே முகடு.

"கூழே இல்லாமலா கொழுப்பு?" மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது.

அவன் தன் கையைப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் க்ரீம் பளபளத்தது.

கையைத் துடைத்தான். புது வடிதாள் உறையை இடுக்கியால் எடுத்தான். வெள்ளிக்கிழமை காலை கோடு படுத்துவிட்டது. தொட்டி பிழைத்தது. அவன் வேலையும் பிழைத்தது.

டப்பாவை மேனேஜர் இரண்டு விரலால் தூக்கி அவன் பைக்குள் போட்டார். "உன் நிலைமை புரியுது. ஆனா இனிமே இது உன் கையில படக் கூடாது."

சாயங்காலம் மச்சினி வந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். உங்க அக்கா கடைசியாச் சொன்னதை எப்படி விடறது?"

மச்சினி டப்பாவையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தான். சிரித்துவிட்டாள்.

"அத்தான்... அன்னிக்கு நீங்க இருந்த இருப்புல நான் கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்போ என்னதான் சொன்னா?"

"'அந்த நீல டப்பா குதிகாலுக்குடி. இந்த மனுஷன் எடுத்துக் கையில தடவிக்கப் போறார், சொல்லி வையி.'"