பிள்ளையாருக்கு முன்னால் போன கார்

சொந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கும் அப்பாவுக்கு ஒரு வியாதி வரும். எதையும் சும்மா பார்க்க விடமாட்டான். தட்டில் தோசை விழுந்தால் அதன் விட்டம் என்ன என்பான். மழை பெய்தால் பிள்ளையை நனைய விடாமல் நிறுத்திவைத்து, மேகம் எப்படி உண்டாகிறது என்று ஆரம்பிப்பான். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த சமயத்தில் நடந்தது இது. இப்போது எவ்வளவோ தேவலை. (என் மனைவி உமாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். கேட்காதீர்கள்.)

எங்கள் மகள் கயலுக்கு அப்போது எட்டு வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, கே.கே. நகர் வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து நானே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். உமா வங்கியில் அதிகாரி. இந்த ஏற்பாட்டில் அவளுக்கு அரை மனசு. அவளுடைய அண்ணன் செல்லத்துரைக்குக் கால் மனசுகூடக் கிடையாது.

செல்லத்துரை மச்சானுக்கு தி.நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மாமா கடைக்கு வேலைக்கு வந்து, பிறகு தானே கடை போட்டவர். உமா வீட்டில் எந்த முடிவும் அவர் தலையாட்டாமல் நடக்காது. கயலுக்காக யார் யாரையோ பிடித்து ஒரு நல்ல பள்ளியில் இடம் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"வீட்ல உக்காந்து படிச்சா அதுக்குப் பேரு படிப்பா மாப்ள? அதுக்குப் பேரு லீவு" என்றார்.

நான் விடவில்லை. உலகமே வகுப்பறை, ஊரே பாடப்புத்தகம் என்று அரை மணி நேரம் பேசினேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மச்சான் ஒரு வழிக்கு வந்தார். சனிக்கிழமை கடையை ஆளிடம் விட்டுவிட்டு நாள் முழுக்க எங்களோடு காரில் வருவார். "பிள்ள என்ன படிக்குதுன்னு என் கண்ணால பாக்கேன். எனக்குத் திருப்தியா இருந்தா சீட்டு வேண்டாம்னு சொல்லிருதேன். இல்லன்னா திங்கக்கிழம யூனிபாரம் தைக்கக் குடுத்துருவோம்."

உமா சரி என்றாள். கயல் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா பண்ணுப்பா" என்றாள். பரீட்சை யாருக்கு என்பது குழந்தைக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

மூன்று நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன். கே.கே. நகரில் புறப்பட்டு, தி.நகர், மயிலாப்பூர், சாந்தோம், கடைசியில் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். மொத்தமே ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய தூரத்தில் ஐந்து பாடங்களைத் திணித்தேன். பத்தொன்பது கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை அச்சடித்து, வியர்வை பட்டாலும் நனையாதபடி லேமினேட் செய்துகொண்டேன். மச்சானுக்கும் ஒரு பிரதி. அவர் அதை வாங்கி, காரில் ஏறியதும் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

என் திட்டத்தின் மகுடம் மயிலாப்பூர். நான்கு மாட வீதிகளையும் காரில் ஒரு சுற்றுச் சுற்றி, மூலைக்கு மூலை நிறுத்தி, கார் மீட்டரில் ஓடியிருக்கும் தூரத்தைக் கயல் குறித்துக்கொள்வாள். கூட்டினால் சுற்றளவு. என்னுடையது மூன்று கை மாறி வந்த கார். எண்கள் சக்கரத்தோடு சேர்ந்து உருளும் பழைய மாடல் மீட்டர். அதில் எனக்குப் பெருமைதான்.

முதல் பாடம் தி.நகர் சிக்னலிலேயே தொடங்கியது. மின்சுற்று. இன்ஜினை அணைத்துவிட்டு முகப்பு விளக்கைப் போட்டேன், வைப்பரை ஆட்டினேன், ஃபேனைச் சுழலவிட்டேன், உள்விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் இயக்கி, இத்தனைக்கும் உயிர் கொடுப்பது ஒரே ஒரு பேட்டரி என்று விளக்கினேன். பக்கத்தில் பைக்கில் நின்றவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மழை இல்லை. அடுத்தது சுற்றுச்சூழல் பாடம். நிற்கும் இடத்திலெல்லாம் இன்ஜினை அணைக்க வேண்டும். அணைத்தேன். விளக்கை அணைக்க மறந்தேன். அந்த பேட்டரி சாகக் கிடக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் இரண்டு தடவை சொல்லியிருந்தார் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து ஊரையே திருப்பிவிட்டிருந்தார்கள். சந்து சந்தாக நுழைந்து ஒரு வழியாக வடக்கு மாட வீதியின் முனைக்கு வந்தபோது, எதிரே நாதஸ்வரமும் தவிலும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துத் தெருவிலிருக்கும் சின்னப் பிள்ளையார் கோயிலில் ஏதோ ஆண்டு விழா போலிருக்கிறது. வாத்தியக்காரர்கள் கடந்து போனார்கள். பின்னால் தெரு காலியாக இருந்தது. ஊர்வலம் முடிந்தது என்று முடிவு செய்து காரை உள்ளே விட்டேன்.

ஊர்வலம் முடியவில்லை. வாத்தியம் முன்னால் வந்துவிட்டது, பிள்ளையார் பின்னால் ஒரு வீட்டு வாசலில் தீபாராதனைக்காக நின்றிருந்தார், அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் நான் புகுந்தேன். புகுந்ததும் மூலை என்பதால், திட்டப்படி காரை நிறுத்தி இன்ஜினை அணைத்து, "கயல், மீட்டர்ல என்ன இருக்குன்னு எழுதிக்கோ" என்றேன்.

அவள் எழுதி முடித்தாள். நான் சாவியைத் திருப்பினேன். கார் ஒரு முனகல் முனகியது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். எட்டுப் பேர் தோளில், மூங்கில் தண்டின் மேல், ரோஜா மாலையும் வெள்ளிக் கவசமுமாகப் பிள்ளையார் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் தகரத் தடுப்பு, இன்னொரு பக்கம் காய்கறிக் கூறுகள். நடுவே ஒரு கார் அகலம்தான் வழி. அந்த ஒரு கார் நான்.

தடைகளை நீக்குபவரையே தடுத்து நிறுத்திய ஆள் மயிலாப்பூர் சரித்திரத்தில் எனக்கு முன்னால் இருந்திருக்க வாய்ப்பில்லை.

பூக்கடை ஓரமாக நின்றிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஜன்னலில் குனிந்தார். "இன்னா சார், சாமிய ஓவர்டேக் பண்ணிக்கினு எங்க போற?" என்று கேட்டார். வண்டி கிளம்பவில்லை என்றேன். "அது தெரியுது" என்றார்.

பின்னாலிருந்து பஞ்சகச்சமும் துண்டுமாக ஒரு பெரியவர் வந்தார். கோயில் காரியக்காரர். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிகவும் பொறுமையாக, "வண்டி கெளம்பலையா? பரவாயில்ல. ஆனா பிள்ளையார் பின்னாடி நகரப்படாது. நீங்கதான் முன்னாடி போயிண்டே இருக்கணும். எட்டுப் பேர் தோள்ல வச்சிண்டு நிக்கறா, பாருங்கோ" என்றார்.

தள்ளுவது என்று முடிவாயிற்று. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆட்டோக்காரர் வந்தார், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் நான் மட்டும் உள்ளேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. உமா இறங்கி நடைபாதையில் ஏறி, எங்கள் காருக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவள் மாதிரி நடக்க ஆரம்பித்தாள். யாரோ ஒரு மாமி, "யாராத்து வண்டி இது?" என்று கேட்டதற்கு, "தெரியலையே" என்றாளாம். கயல் எப்போது இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை.

வேகமாகத் தள்ளி, கியர் போட்டு, வண்டியைக் கிளப்பிவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். முன்னால் நாதஸ்வரம் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டு அடி வேகம் பிடித்தால், ஏதாவது ஒரு கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ தேங்காய்த் தட்டோடு யாராவது வருவார்கள். பிள்ளையார் நிற்பார். வாத்தியம் நிற்கும். நானும் நிற்பேன். தேங்காய் உடைந்து, கற்பூரம் காட்டி, விபூதி கொடுத்து முடித்ததும் எல்லாரும் பத்தடி நகர்வோம். மறுபடி தட்டு. ஒரு மளிகைக் கடைக்காரர் பழக்கதோஷத்தில் என் காருக்கும் கற்பூரம் காட்டிவிட்டார். யாரோ ஒரு அம்மாள் வைப்பரில் ஒரு முழம் சாமந்தியைச் செருகினாள். நான் உள்ளே அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

பக்கக் கண்ணாடியில் மச்சானின் முகம் மட்டும் தெரிந்தது. வியர்வையில் நெற்றி விபூதி கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவை அந்த முகத்தைப் பார்க்கும்போதும் எனக்குக் கயலின் யூனிபாரம் தெரிந்தது. அவமானம்கூட எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. நம்பி "நல்லா பண்ணுப்பா" என்று சொன்ன குழந்தையைத் தோற்கடித்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

தெருவின் மறுமூலை வந்ததும் வழி அகலமானது. காரை ஓரங்கட்டினார்கள். பிள்ளையார் எங்களைத் தாண்டிப் போனார். நான் இறங்கி இரண்டு கையாலும் கும்பிட்டேன். மச்சான் மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, லேமினேட் செய்த வினாத்தாளால் மீண்டும் விசிறிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். உமா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

அப்போதுதான் கயல் ஓடிவந்தாள். கை நிறையச் சுண்டல். இவ்வளவு நேரமும் சாமி தூக்குகிறவர்களோடு நடந்து வந்திருக்கிறாள். மூங்கில் ஏன், மரக்கட்டை ஏன் இல்லை, எப்போது தோள் மாற்றுவீர்கள், உயரமானவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று எட்டுப் பேரையும் துளைத்து எடுத்திருக்கிறாள். வந்ததும் என்னிடம் வரவில்லை, நேராக மச்சானிடம் போனாள்.

"மாமா, பிள்ளையார் வெயிட்டா, நம்ம கார் வெயிட்டா?"

"கார்தான்" என்றார் மச்சான், களைப்பாக.

"அப்போ பிள்ளையாருக்கு எட்டுப் பேர் வேணும், காருக்கு மட்டும் ஏன் நாலு பேர் போதும்?"

நான் உடனே உராய்வு, விசை என்று வாயைத் திறந்தேன். மச்சான் கையை நீட்டித் தடுத்தார். விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"இருங்க மாப்ள. இது எனக்குத் தெரியும்." கயல் பக்கம் திரும்பினார். "கடையில பெரிய அண்டா இருக்குல்லம்மா, அதத் தூக்கணும்னா ரெண்டு ஆளு வேணும். வெளிம்புல சாச்சு உருட்டுனேன்னா, நான் ஒருத்தன் போதும். தூக்கும்போது மொத்தக் கனமும் நம்ம மேல நிக்கி. உருட்டும்போது கனத்தத் தரை தாங்கிக்கிடும். நாம நகத்த மட்டும் செஞ்சா போதும்."

கயல் அதை அப்படியே நோட்டில் எழுதினாள். எழுதுவதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னதையா எழுதுத?" என்று கேட்டார். ஆமாம், கீழே மாமா பெயரும் போட்டிருக்கிறேன் என்று காட்டினாள். அவர் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோன மனிதர், இத்தனை வருடம் கழித்து ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்லியிருந்தார்.

"அப்போ பிள்ளையாருக்கும் சக்கரம் வச்சிரலாமே மாமா? ஏன் வைக்கல?"

மச்சானுக்கு அது தெரியவில்லை. எழுந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டார், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரியவரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ஊர்வலத்தைத் துரத்திக்கொண்டு போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மெக்கானிக் வந்து புது பேட்டரியே மாட்டிவிட்டார்.

சாந்தோமும் அடையாறும் அன்று போகவில்லை. பதினெட்டுக் கேள்விகள் அப்படியே நின்றன. வீட்டு வாசலில் இறங்கியதும் மச்சான் போனை எடுத்து, பள்ளியில் சொல்லிவைத்திருந்தவரிடம் இந்த வருடம் இடம் வேண்டாம் என்றார். நான் நன்றி சொல்லக் கிட்டே போனேன்.

"உங்களுக்காக இல்ல மாப்ள" என்றார். "ஒரு கண்டிஷன். இனிமே சனிக்கிழம நீங்க பாடம் எடுக்கப்பிடாது. வண்டியும் எடுக்கப்பிடாது."

அப்படித்தான் நடக்கிறது. சனிக்கிழமை தோறும் கடையின் லோடு ஆட்டோ வாசலுக்கு வருகிறது. முன்னால் மச்சானும் கயலும், ஆளுக்கொரு நோட்டோடு. துறைமுகம், உப்பளம், அச்சகம் என்று கயலின் கேள்வி எங்கே இழுக்கிறதோ அங்கே போகிறார்கள். நானும் வரலாமா என்று கேட்டேன். பின்னால் அண்டாக்களுக்கு நடுவே இடம் கொடுத்தார்கள். நான் ஏறி உட்காரும் வரை உமா வாசலில் காத்திருந்து, உள்ளே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தெருவே கேட்கும்படி அண்ணனிடம் சொல்வாள்:

"அண்ணே, சாமி எழுந்தருளியாச்சு. பாத்துப் போங்க, தோள் மாத்த ஆள் இல்ல."